மரத்தவளைக்கு வீடு

மலையடிவாரத்து மடத்தில் வடிவம்மை திருநீறு சலித்துக்கொண்டிருந்தார். பானையின் வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டி, சாம்பலை அதன்மேல் கொட்டி, விரலால் மெல்லத் தேய்த்துத் தேய்த்து இறக்கினார்.

மாசிலாமணி வந்து கும்பிட்டு நின்றார். கீழே ஊரில் வாழைத்தார் மண்டி வைத்திருப்பவர். தார் சுமந்து, தரகு பார்த்து, சண்டை போட்டுச் சண்டை போட்டே மேலே வந்த ஆள். வயதில் வடிவம்மையைவிட நிறைய மூத்தவர். ஆனாலும் மடத்துப் படியேறிவிட்டால் சீடர்தான்.

"அம்மா, ஒரு மரத்தவளைக்கு வீடு கட்டணும். எப்படிக் கட்ட?"

"மண்டியிலே எலிக்காகப் பூனை வளப்பாங்க. தவளை எதுக்கு அண்ணாச்சி?"

"மக கேட்டா."

வடிவம்மையின் விரல் நின்றது.

மகள் செண்பகம் புருஷன் வீட்டிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தது மடத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த மாப்பிள்ளையைப் பேசி முடித்தவர் மாசிலாமணி. வேண்டாம் என்று அவள் சொன்னபோது சோற்றுத் தட்டை விட்டெறிந்தவரும் அவர்தான். திரும்பி வந்த பிறகு அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"சாரல் பிடிச்ச அன்னைக்கு, குளியலறையிலே வாளிக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நான் விளக்குமாத்தை எடுத்துட்டேன். அவ வந்து நின்னா. 'இதை விரட்டாதீங்கப்பா, இங்கேயே இருக்கட்டும்'னா. அப்பான்னு சொன்னா அம்மா. எவ்வளவு நாளாச்சு அதைக் கேட்டு."

"சரி."

"திருநெல்வேலியிலே ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கா. கிடைச்சா ஹாஸ்டலுக்குப் போயிருவா. போனா திரும்ப மாட்டா. எனக்குத் தெரியும், என் பிடிவாதந்தானே அவளுக்கும். அதுக்குள்ளே இந்தத் தவளைக்கு அரண்மனை மாதிரி ஒண்ணு கட்டிப் போட்டுரணும். அது நிலைச்சு இருந்தா அவளும் இருப்பா."

"இதுவரைக்கும் என்ன கட்டியிருக்கீங்க?"

"மீன் தொட்டி. கடையிலே இருந்ததுலயே நீளமானது. உள்ளே கலர் கல்லு, பிளாஸ்டிக் கோட்டை, ஒரு லைட்டு. கடைக்காரனை அரை நாள் நிக்க வச்சுப் பேசி வாங்கினேன். அவன் கண்ணுல தண்ணி வந்துட்டு."

"தவளை எங்க இருக்கு?"

"அதான் ஆத்திரமா வருது. இவ்வளவு நீளம் சும்மா கிடக்கு. அது மேல் மூலையிலே கண்ணாடியிலே ஒட்டிக்கிட்டு இறங்கவே மாட்டேங்கு."

"விரட்டினா எந்தப் பக்கமா ஓடும்?"

"மேலதான்."

வடிவம்மை மறுபடி சலிக்கத் தொடங்கினார். மாசிலாமணி நின்றார். வடிவம்மை அவரைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. கடைசியில் மாசிலாமணியே கேட்டார்.

"நீளத்தைத் தூக்கி உசரமா நிறுத்தணுமோ?"

"என்னை ஏன் கேக்கீங்க? அதைக் கேளுங்க."

அடுத்த முறை வந்தபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. கல்லும் கோட்டையும் குப்பைக்குப் போய்விட்டன. ஆசாரியைப் பிடித்து ஆள் இடுப்பளவு உயரத்தில் ஒரு மரச்சட்டப் பெட்டி செய்திருந்தார். நாலு பக்கமும் கொசுவலை, முன்னால் சின்னக் கதவு. உள்ளே கிளை பிரிந்த ஒரு கொய்யாக் கொம்பு, மணிபிளாண்ட் தொட்டி, சிரட்டையில் தண்ணீர்.

"குழாய்த் தண்ணியிலே மருந்து வாடை அடிக்கு. மழைத்தண்ணி பிடிச்சு ஊத்துதேன்."

"சாப்பிடுதா?"

"செத்த ஈயைப் போட்டேன். திரும்பிக்கூடப் பாக்கலை. அசையணுமாம் அந்தத் துரைக்கு. சாயங்காலமானா மண்டி லைட்டுக்கு அடியிலே குத்தவச்சுப் பூச்சி பிடிக்கேன். லோடு இறக்குத பய ஒருத்தன் கேக்கான், 'முதலாளி, இன்னைக்குப் பூச்சி வரத்து எப்படி?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்ல? கைக்குள்ளே வெட்டுக்கிளி இருந்துச்சு. அடிக்கக் கையை ஓங்கினா அது போயிருமே."

வடிவம்மை சிரித்தார். மாசிலாமணிக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது.

"செண்பகம் பாத்தாளா?"

"பூச்சியை உள்ளே விடையிலே நிலைப்படியிலே நின்னு பாத்தா. ஒண்ணும் சொல்லலை. ரூமுக்குப் போயிட்டா."

"நின்னாள்லா?"

"நின்னா," என்றார் மாசிலாமணி.

அதற்குப் பிறகு அவர் வந்தது ஒரு மத்தியான வேளை. சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஆட்டோவில் பெட்டியைக் காலுக்கு நடுவில் வைத்துப் பிடித்துக் கொண்டுவந்து, நனையாமல் துண்டைப் போர்த்தி இறக்கினார். கும்பிடவில்லை.

"எல்லாம் செஞ்சாச்சு அம்மா. உசரம் வேணுமா, குடுத்தாச்சு. கொம்பு, இலை, தண்ணி, உசுரோட பூச்சி, எல்லாம் குடுத்தாச்சு. இனி என்ன குறை இதுக்கு? என்னதான் வேணுமாம்?"

வடிவம்மை குனிந்து பார்த்தார். தவளை கொம்பில் இல்லை. அடியில், தொட்டி ஓரமாக, கைகால்களை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தது. தோல் மங்கிப் போயிருந்தது. பூச்சிகள் அதன் முன்னாலேயே நடந்தன.

"செண்பகத்துக்கு வேலை கிடைச்சாச்சு. இன்னைக்கோ நாளைக்கோ கிளம்பிருவா. இது செத்துக் கிடந்து அதை அவ பாத்துட்டுப் போனான்னா, அப்புறம் எனக்கும் அவளுக்கும் நடுவிலே ஒண்ணுமே கிடையாது. எதாவது செய்யுங்க."

"முதுகிலே வெள்ளையா என்னது?"

"திருநீறு."

"யாரு பூசினது?"

"நான்தான். தினமும் காலையிலே வீட்டிலே எல்லாத்துக்கும் பூசுவேன். மாட்டுக்குப் பூசுவேன், தராசுக்குப் பூசுவேன். இதுவும் வீட்டு ஜீவன்தானே? நீங்க உங்க கையாலே குடுத்த திருநீறு அம்மா. கலப்படம் கிடையாது."

வடிவம்மை தன் கைகளைப் பார்த்தார். அன்றைக்கும் சலித்த கைதான். நகக்கண்ணெல்லாம் வெளுத்திருந்தது.

எழுந்து ஓடைக்குப் போனார். சோப்பு இல்லாமல், வெறும் தண்ணீரில், வெகுநேரம் கழுவினார். திரும்பி வந்து, ஒரு வாழையிலைத் துண்டைச் சுருட்டி, பெட்டிக் கதவைத் திறந்து, மழைத்தண்ணீரைத் தவளையின் முதுகில் சொட்டுச் சொட்டாக விட்டார். சாம்பல் கரைந்து இறங்கியது. தவளையை அவர் தொடவில்லை.

நடுவில் சொன்னார்: "அந்தத் தட்டிலேயிருந்து திருநீறை ஒரு பிடி எடுத்துக் கையை மூடி வச்சுக்கிடுங்க."

மாசிலாமணி எடுத்து மூடிக்கொண்டார். தண்ணீர் விட்டு முடிகிறவரைக்கும் பிரிக்கவில்லை.

"என்ன செய்யுது?"

"இழுக்குது. தோலு வறவறன்னு இருக்கு."

"உங்களுக்கு வாய் இருக்கு. தாகம் எடுத்தாக் குடிச்சுக்கிடுவீங்க. தவளை வாயாலே குடிக்காது. தோலுதான் அதுக்கு வாய்."

மாசிலாமணி கையைப் பிரித்துப் பார்த்தார். உள்ளங்கை ரேகையெல்லாம் வெள்ளையாக இருந்தது. கோபம் ஏறியது.

"அப்ப திருநீறு கெடுதல்னு சொல்லுதீங்களா? நீங்க எனக்குப் பூசலையா? வாரவங்களுக்கெல்லாம் பூசலையா?"

"நெத்தியைக் காட்டுதாங்க, பூசுதேன். இது காட்டுச்சா?"

மாசிலாமணி உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார்.

"வீட்டிலே எல்லாத்துக்கும்னு சொன்னீங்களே. செண்பகம் காட்டுதாளா?"

சாரல் கொஞ்சம் வலுத்து, மறுபடி தணிந்தது.

"தூங்கையிலே பூசுதேன். விடியதுக்கு முன்னாலே. அவளுக்குத் தெரியாது."

"கதவைத் தாழ் போட மாட்டாளா?"

"போட்டா."

வடிவம்மை இலைத் துண்டைக் கீழே வைத்தார்.

"தாழ்ப்பாளைக் கழட்டிட்டேன்," என்றார் மாசிலாமணி. பிறகு, "அவ நல்லா இருக்கணும்னுதான் அம்மா. வேற என்ன?" என்றார்.

வடிவம்மை ஒரு சாக்கை ஓடையில் முக்கி எடுத்து வந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கமுகு மரங்களுக்கு நடுவில் வைத்து, சாக்கை மேலே போட்டார்.

"இங்கன உக்காருங்க. இருட்டுத வரைக்கும் தூக்கிப் பாக்கக் கூடாது."

"இருட்டுத வரைக்குமா? ஒரே ஒரு தடவை பாத்துக்கிடுதேன்."

"வேண்டாம்."

"மூலையை மட்டும் தூக்குதேன்."

"வேண்டாம்."

"சரி, தூக்கலை. காதை வச்சுக் கேக்கேன். அதுக்கும் தடையா?"

"மண்டியிலே இப்படித்தான் பேசுவீங்களா?"

"இதைவிட மோசமா."

"அங்க படிஞ்சிருப்பாங்க. உக்காருங்க."

உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்தார். சாக்குப் பக்கம் ஓரடி வைத்து, வடிவம்மை பார்ப்பதைப் பார்த்துத் திரும்ப உட்கார்ந்தார்.

"உள்ளேயே செத்துப் போச்சுன்னா?"

"நீங்க பாத்துக்கிட்டே இருந்தா சாகாதா?"

கமுகு இலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. பெட்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை.

சாயங்கால பஸ் வந்து மடத்து வளைவில் நின்றது. செண்பகம் இறங்கினாள். தோளில் பெரிய பை, கையில் குடை. குடையை விரிக்காமலே நடந்து வந்தாள்.

மாசிலாமணி எழுந்து நின்றார்.

"தவளை எங்க?"

அவர் சாக்கைக் காட்டினார்.

"குளிச்சிட்டு வந்து பாக்கேன், பெட்டியைக் காணோம். ஆட்டோ ஸ்டாண்டிலே விசாரிச்சு வாரேன். சொல்லாமக் கொள்ளாமத் தூக்கிட்டு வந்துட்டீங்க."

"செத்துரும் போல இருந்துச்சு. அதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்லா? நான்தானே வச்சுக்கிடணும்னு சொன்னேன்?"

"சொன்னது நீ. வீடு கட்டினது யாரு? கொசுக்கடியிலே குத்தவச்சுப் பூச்சி பிடிச்சது யாரு?"

வார்த்தை வந்து விழுந்துவிட்டது. பிடிக்க முடியவில்லை.

செண்பகம் அவரை நேராகப் பார்த்தாள். குரல் உயரவில்லை.

"கல்யாணத்தப்பவும் இதேதான். சோறு போட்டது யாருன்னு கேட்டீங்க."

மாசிலாமணி கமுகு மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

அவள் பையை இறக்கி வைத்துவிட்டு வந்து சாக்கை எடுத்தாள். தவளை அடியில் இல்லை. கொய்யாக் கொம்பின் உச்சியில், வலையை ஒட்டி உட்கார்ந்திருந்தது. முதுகு பழுப்பும் பொன்னுமாகப் பளபளத்தது. கண் திறந்திருந்தது. தொண்டை துடித்தது.

"பிழைச்சிட்டு," என்றார் மாசிலாமணி. "பாத்தியா, பிழைச்சிட்டு."

செண்பகம் பெட்டிக் கதவைத் திறந்தாள்.

"திறக்காதே. போயிரும்."

"போகட்டும். ஹாஸ்டல்லே தவளை வைக்க விட மாட்டாங்க. வீட்டிலே விட்டா நீங்க பூசி விட்டுருவீங்க."

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? எனக்கும்தானே பூசுதீங்க."

"நீ தூங்கும்போதுதானே..."

"நான் தூங்கலைப்பா," என்றாள் செண்பகம். "ஒரு நாள்கூடத் தூங்கலை. கதவு திறக்குத சத்தம் கேட்டா கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுக் கிடப்பேன். எப்படா போவீங்கன்னு."

செண்பகம் கதவைவிட்டு விலகி நின்றாள்.

தவளை கொம்பிலிருந்து கதவுச் சட்டத்துக்கு வந்தது. அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது. மாசிலாமணியின் கை தானாக முன்னால் நீண்டது. கதவை அடைக்க ஒரு விரல் போதும். அவர் கையை இழுத்து இடுப்போடு வைத்துக்கொண்டார்.

தவளை தாவியது. பக்கத்துக் கமுகில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறியது. பட்டையின் நிறமும் அதன் நிறமும் ஒன்றாகிவிட்டன. அப்புறம் எது தவளை என்று தெரியவில்லை.

செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். வடிவம்மையின் முன் வந்து குனிந்து நெற்றியைக் காட்டினாள். வடிவம்மை திருநீறு பூசினார்.

"எப்படிம்மா போறே?" என்று கேட்டார்.

"கீழே போயி திருநெல்வேலி பஸ்ஸைப் பிடிக்கணும். நாளைக்குக் காலையிலே பள்ளிக்கூடத்திலே இருக்கணும்."

அவள் நடந்தாள். ஓடைப் பாலத்தைத் தாண்டுவதற்குள் மாசிலாமணி கூப்பிட்டார்.

"செண்பகம்."

நின்றாள். திரும்பவில்லை.

என்னென்னவோ சொல்ல வந்தார். போகாதே என்று சொல்ல வந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டு, "தாழ்ப்பாளை மாட்டி வைக்கேன்," என்றார்.

இப்போது திரும்பினாள்.

"எந்தப் பக்கம்?"

"உன் பக்கம்."

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். மேலே போய்த் திரும்பிய பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. தலையை அசைத்தாளா, முந்தானையைச் சரிசெய்தாளா, அவருக்குத் தெரியவில்லை. போய்விட்டாள்.

பஸ் சத்தம் இறக்கத்தில் கரைகிறவரைக்கும் மாசிலாமணி பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றார். திரும்பி வந்து பெட்டியின் முன் உட்கார்ந்தார். உள்ளே கொம்பு இருந்தது. செடி இருந்தது. பிடித்துப் போட்ட வெட்டுக்கிளி ஒன்று கதவைக் கண்டுபிடிக்காமல் வலையில் ஏறிக்கொண்டிருந்தது. அதை விரலால் தள்ளி வெளியே விட்டார்.

"இந்தப் பெட்டி இங்கேயே கிடக்கட்டுமா அம்மா? விறகுக்காவது ஆகும்."

"வீட்டுக்குக் கொண்டு போங்க."

"காலிப் பெட்டியை வச்சு நான் என்ன பண்ண?"

"கதவைத் திறந்தே வைங்க. சிரட்டையிலே தினமும் தண்ணியை மாத்துங்க."

"ஒண்ணுமே இல்லாத பெட்டிக்குத் தண்ணி எதுக்கும்மா?"

வடிவம்மை ஈரச் சாக்கை எடுத்துப் பிழிந்து கொடியில் போட்டார்.

"வந்து பாக்கையிலே வறண்டு கிடக்கக் கூடாதுல்லா."